வலிக்கு என்ன சாப்பிடுதீங்க?

எங்க வேலையில செருப்பு தேயிறதுக்கு முன்னாடி நாக்கு தேஞ்சிரும். வீடு வீடாப் போய்ப் பிள்ளத்தாச்சிகளைப் பாக்குற நர்ஸ் நான். சங்கரன்கோவில்ல விசைத்தறி ஓடுற தெருக்கள்தான் என் ஏரியா. இங்க எல்லாருக்கும் எஸ்தர் சிஸ்டர். ரத்தம் எடுக்க வந்தா "வாங்க சிஸ்டர்", மாத்திரை குடுக்க வந்தா "உக்காருங்க சிஸ்டர்", புத்தி சொல்ல ஆரம்பிச்சா மட்டும் "அடுப்புல குழம்பு கிடக்கு சிஸ்டர்".

நீங்களும் யாருக்காவது நல்லது சொல்லப் போய் வாங்கிக் கட்டியிருப்பீங்க. சர்க்கரை இருக்க மாமனார்கிட்ட லட்டு வேண்டாம்னு சொன்னவங்க, மகன்கிட்ட ஹெல்மெட் போடுன்னு சொன்னவங்க, எல்லாரும் நம்ம கட்சிதான். பக்கத்துல வந்து உக்காருங்க. நான் வாங்கினதைச் சொல்லுதேன், உங்களுக்கு ஆறுதலா இருக்கும்.

முதல் நாள் வரவேற்பு

போன வருஷம் பங்குனியிலதான் இந்த ஏரியாவுக்கு மாத்தலாகி வந்தேன். வந்த அன்னிக்கே முத்துமாரி வீடு. தறிக்குப் போற பிள்ள, அப்போ நாலாவது மாசம். அவளுக்கு மூத்தவ ஒருத்தி உண்டு, பவித்ரா. அஞ்சு வயசுன்னாங்க, பாத்தா மூணுதான் சொல்லலாம். நான் பிரஷர் பாக்க உக்காந்த நேரத்துல அவ என் பையைக் கவுத்தி, பீரோ மேல ஏறி, குதிச்சு, கதவை நாலு தடவை சாத்தித் திறந்துட்டா. செம்பை எடுத்துத் தண்ணி கொண்டான்னு அம்மா சொன்னா. செம்பை எடுத்துச்சு, அவ்வளவுதான், எதுக்கு எடுத்தோம்னு மறந்துபோய் அதை உருட்டி விளையாட ஆரம்பிச்சிருச்சு. பேச்சும் ரெண்டு மூணு சொல்லுக்கு மேல வரல. துறுதுறுன்னு இருக்கா, போகப் போகச் சரியாயிரும்னு முத்துமாரி சொன்னா. சொல்லும்போது என் முகத்தைப் பாக்கல.

முத்துமாரி கையில பிரஷர் பட்டையைச் சுத்தக் குனிஞ்சேன், மூச்சுல பிராந்தி வாடை. எங்க ஆட்கள் வழக்கமாக் கேக்குறது வீட்டுக்காரருக்குப் பழக்கம் உண்டாங்கிற கேள்விதான். பொம்பளைகிட்ட அவளைப் பத்தி யாரும் கேக்க மாட்டோம், மரியாதை இல்லைன்னு ஒரு நினைப்பு. எனக்குத்தான் வாய் நிக்காதே. நீ குடிப்பியா மக்கான்னு நேராக் கேட்டுட்டேன். அவ புருஷன் கணேசன், லோடு ஆட்டோ ஓட்டுறவன், சாவியைச் சுத்திக்கிட்டு வாசல்ல நின்னான். அவனுக்கு முகம் கறுத்துப் போச்சு.

"ஏன் சிஸ்டர், எம் பொண்டாட்டியப் பாத்தா ஒயின்ஷாப்பு வரிசையில நிக்கிறவ மாதிரியா தெரியுது?"

தறி நிக்கிற நேரம்

வெளிய வந்துட்டேனே தவிர, மனசு அந்த வீட்டுக்குள்ளதான் கிடந்துச்சு. வயித்துல இருக்க பிள்ளைக்கு அம்மா ரத்தத்துல இருந்துதான் எல்லாம் போகுது. பிராந்தியும் அப்படித்தான் போகும். பத்து மாசமும் மூளை உருவாகிக்கிட்டே இருக்கு, இந்த மாசம் குடிச்சாப் பரவாயில்லைன்னு ஒரு மாசம் கிடையாது, இவ்வளவு குடிச்சாத் தப்பில்லைன்னு ஒரு அளவும் கிடையாது. பிள்ள சிறுத்துப் பிறக்கலாம், படிப்பு ஏறாமப் போகலாம், ஒரு இடத்துல நிக்க முடியாமத் திண்டாடலாம். ஆன பிறகு அதை அழிக்க மருந்து கிடையாது. ஆனா என்னிக்கு நிறுத்துனாலும் அன்னிக்கு இருந்து பிள்ளைக்கு லாபம். பவித்ராவைப் பாத்த கண்ணால இன்னொண்ணு அப்படி வரதைப் பாக்க மாட்டேன்னு அன்னிக்கே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

கேள்விதான் தப்புன்னு யோசிச்சு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறியை நிப்பாட்டுற நேரமாப் பாத்துக் கொட்டகைக்குப் போனேன். தறி ஓடும்போது அங்க என்ன பேசினாலும் கேக்காது. பொம்பளைகளோட சோத்துச் சட்டிக்கு நடுவுல உக்காந்து, பகல் பூரா நின்னு வேலை பாக்கீங்களே, வலிக்கு என்ன சாப்பிடுதீங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. ஒருத்தி தைலம், ஒருத்தி மெடிக்கல்ல வாங்குற மாத்திரை, ஒருத்தி அரிஷ்டம். முத்துமாரிக்குப் பக்கத்து வீடு பேச்சியக்கா, அந்தக் கொட்டகையில மூத்த ஆளு. அவங்க ஒளிவு மறைவே இல்லாமச் சொன்னாங்க, வெந்நியில ரெண்டு மூடி பிராந்தி, கொஞ்சம் மிளகு, குடிச்சிட்டுப் படுத்தா வலி பறந்துரும், முத்துமாரிக்கும் சாயங்காலம் நான்தான் கலக்கிக் குடுக்கேன்னு.

முத்துமாரி சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா, வாயில வைக்கல. நான் பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னேன். இவளுக்குக் குடுக்கிறது அவளுக்கு மட்டும் போறதில்லக்கா, உள்ள இருக்க பிள்ளைக்கும் சேத்து ஊத்துதீங்கன்னேன். பேச்சியக்கா சட்டியை நகத்தி வச்சிட்டு என்னைய ஏற இறங்கப் பாத்தாங்க.

"பிள்ளத்தாச்சி கால் ரெண்டும் வீங்கிப் போய் நிக்கா. நீ ஒரு ஊசி போட்டுட்டுப் போயிருவ. பாத்துக்கிட்டு என்னைய சும்மா இருக்கச் சொல்லுதியா?"

எங்க வீட்டு ஜாடி

இதெல்லாம் தறித் தெரு சமாச்சாரம்னு நினைச்சு நிமிந்து உக்காந்திராதீங்க. எங்க வீட்டுலயே நடந்திருக்கு. அதுக்கு முந்தின கிறிஸ்துமஸ். என் தம்பி பொண்டாட்டி காலேஜ்ல பாடம் எடுக்குறவ, மூணு மாசம். எங்க அத்தை வருஷா வருஷம் ஜாடியில திராட்சை ஒயின் போடுவாங்க, அந்த ஜாடியைத் திறக்குறதே ஒரு விசேஷம். ஆராதனை முடிஞ்சு வந்து எல்லாருக்கும் கேக்கோட ஒரு டம்ளர். அந்தப் பிள்ளைக்கு மட்டும் பெரிய டம்ளர், பிள்ள சிவப்பாப் பிறக்குமாம். அது கையில வாங்கி வச்சிக்கிட்டு முழிச்சுது. நான் போய் வாங்கி வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். நல்ல நாளும் அதுவுமா அத்தை ஜாடியை மூடி உள்ள கொண்டு போய் வச்சிட்டாங்க.

அப்புறம் அந்தப் பிள்ள அடுப்பாங்கரைக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு வேண்டாம்னு தெரியும் மதினி, பெரியவங்க நீட்டும்போது எப்படி வேண்டாங்கதுன்னுதான் தெரியலன்னு சொன்னா. அத்தனை படிச்ச பிள்ளைக்கே அந்த ஒரு சொல் வாயில வரலன்னா, முத்துமாரிக்கு எப்படி வரும்னு பின்னால பல தடவை நினைச்சிருக்கேன். அத்தைக்கு இன்னைக்கும் என் மேல மனத்தாங்கல்தான்.

"நம்ம வீட்டு ஒயினைப் போய் சாராயத்தோட சேக்காதட்டி. இது ரத்தம் ஊறக் குடுக்கது."

சத்தம் இல்லாத வீடு

சரி, வலிதான காரணம், வலியைக் குறைப்போம்னு இறங்கினேன். முத்துமாரி கால் வீக்கத்துக்குப் பிரஷர் காரணமான்னு பாத்தேன், இல்ல, நிக்கிறதுதான். தறி முதலாளி அண்ணாச்சிகிட்ட போய் நின்னேன். அவர் முதல்ல கணக்கெல்லாம் சொன்னார், அப்புறம் நான் போற மாதிரி தெரியலன்னதும் அவளுக்கு நூலைத் தார்க்கட்டையில சுத்துற வேலை குடுத்தார். உக்காந்து பாக்குற வேலை. பேச்சியக்காவும் முணுமுணுத்துக்கிட்டே பிராந்திக்குப் பதிலா உப்புப் போட்ட வெந்நியில அவ காலை முக்கி வைக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு ஒரே பெருமை. அடுத்த தடவை போனா, அதே வாடை.

எனக்கு வந்த கோவத்தை அடக்கிக்கிட்டு, எடை பாக்கணும்னு சொல்லி அவளைத் தனியா ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். கதவைச் சாத்திட்டுக் கேட்டேன், வலிதான் குறைஞ்சிருச்சே மக்கா, இன்னும் எதுக்குன்னு. சேலை முந்தியைத் திருகிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னா. கணேசன் சாயங்காலம் வீட்டுல உக்காந்துதான் குடிப்பானாம். அவளுக்கும் ஒரு டம்ளர்ல ஊத்தி வைப்பான். வேண்டாம்னா, எனக்கு மரியாதை இல்லையான்னு தட்டு பறக்கும், அடியும் விழும். பவித்ரா வயித்துல இருக்கும்போதும் இதே கதைதான். சொல்லிட்டு அழக்கூட இல்ல அவ.

"நானும் ரெண்டு வாய் குடிச்சிட்டா அன்னிக்கு வீட்ல சத்தம் இருக்காது சிஸ்டர். பவித்ரா பயப்படாமத் தூங்கும்."

தென்காசி பஸ்

அடிச்சா யாரைக் கூப்பிடணும், எங்க போகணும்னு முதல்ல அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். பேச்சியக்காகிட்டயும் சொல்லி வச்சேன், சத்தம் கேட்டா கதவைத் தட்டிருங்கன்னு. அதுக்குப் பிறகு கணேசனைப் பிடிச்சேன். அவன்கிட்ட குடியைப் பத்திப் பேசவே இல்ல. பவித்ராவைத் தென்காசி பெரிய ஆஸ்பத்திரியில பிள்ளைகள் டாக்டர்கிட்ட காட்டணும், தகப்பன் வராம அந்தம்மா பாக்கவே மாட்டாங்கன்னேன். பச்சைப் பொய். பவித்ரான்னா அவனுக்கு உசுரு, அதனால ஆட்டோவைப் போட்டுட்டு முத்துமாரியோடயும் என்னோடயும் பஸ் ஏறினான்.

டாக்டரம்மா அவசரமே படல. பவித்ராவைக் கட்டை அடுக்கச் சொன்னாங்க, தலையை அளந்தாங்க, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, ரெண்டு சாமானை எடுத்து வரச் சொல்லிப் பாத்தாங்க. பிறகு முத்துமாரிகிட்ட, இவ வயித்துல இருக்கும்போது குடிச்சீங்களாம்மான்னு, சாப்பிட்டீங்களாங்கிற மாதிரி சாதாரணமாக் கேட்டாங்க. அவ என்னையப் பாத்தா. நான் தலையாட்டினேன். ஆமான்னா. அது காரணமா இருக்கலாம், வேற காரணமும் சேந்திருக்கலாம், இதுதான்னு அடிச்சுச் சொல்ல ஒரு டெஸ்ட் கிடையாது, ஆனா இப்பவே பயிற்சி குடுத்தா பிள்ள நல்லா முன்னேறும்னு டாக்டரம்மா விளக்கினாங்க. எவ்வளவு குடிக்கிறா, கை நடுங்குதான்னு விசாரிச்சு, இவ இன்னிக்கே நிறுத்தலாம், நடுக்கம் எதுவும் வந்தா மட்டும் உடனே வரணும்னாங்க.

கணேசன் எந்திரிச்சுட்டான். அப்போ நீதான் எம் பிள்ளையக் கெடுத்தியான்னு அவ பக்கம் திரும்பினான். முத்துமாரி அப்படியே சுருங்கிப் போனா. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்துச்சுன்னு தெரியல, ஊத்திக் குடுத்த கை யாருதுலேன்னு கேட்டுட்டேன். வெளிய வரிசையில நின்னவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. சீருடையில இருந்துக்கிட்டு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனா பேசினதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. டாக்டரம்மா மட்டும் பேனாவை மூடி வச்சிட்டு அவனை உக்காரச் சொன்னாங்க.

"தப்பு யார் மேலன்னு கண்டுபிடிக்க நான் போலீஸ் இல்லப்பா. உள்ள இருக்க பிள்ளைக்கு இன்னிக்கு சாயங்காலம் என்ன செய்யப் போறேன்னு மட்டும் சொல்லு."

வளைகாப்புத் தட்டு

திரும்பி வரும்போது பஸ்ல பவித்ரா கணேசன் மடியிலயே தூங்கிருச்சு, அவன் ஊர் வர வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தான். குடியை விட்டுட்டானான்னு கேக்காதீங்க, விடல. ஆனா வெளிய போய்க் குடிக்க ஆரம்பிச்சான், அவளுக்கு டம்ளர் வைக்கிறது நின்னு போச்சு. நான் வாரத்துக்கு வாரம் போய் மோந்து பாத்தேன். ஆமா, மோந்துதான் பாத்தேன், வெக்கப்பட்டா இந்த வேலை பாக்க முடியாது.

ஆனியில ஏழாம் மாச வளைகாப்பு. இளையரசனேந்தல் பக்கமிருந்து முத்துமாரி அம்மா வீட்டு ஆட்கள் தட்டுத் தட்டாக் கொண்டு வந்து இறக்கினாங்க. எனக்கும் கையில வளையல் போட்டு உக்கார வச்சிட்டாங்க. பழத் தட்டுக்கு அடியில புதுத் துண்டு சுத்தி ஒரு பாட்டில் தலை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பிள்ள பெத்த பச்சை உடம்புக்குக் குளிர் தாக்காம இருக்க அம்மா வீட்டுல பிராந்தி குடுத்து விடுறது அங்க வழக்கமாம். குடுக்கிறவங்க மனசுல ஒரு கள்ளமும் கிடையாது. ஆனா பிள்ளைக்குப் பால் குடுக்குற உடம்புக்கு அது எதுக்கு? அதோட, அந்த பாட்டில் இன்னும் மூணு மாசம் அந்த வீட்டு அலமாரியில உக்காந்திருந்தா கணேசன் கை எத்தனை நாள் சும்மா இருக்கும்?

நான் எந்திரிச்சுப் பிரசங்கத்தைத் தொடங்கவும், பேச்சியக்கா வந்து துண்டோட பாட்டிலை உருவிட்டாங்க. அவங்களே குடிக்கத்தான் எடுக்காங்கன்னு நினைச்சு அதையும் பிடிக்கப் போனேன்.

"எம் முட்டியில தேய்க்கக் கொண்டு போறேன். எம் வயித்துல பிள்ளையா இருக்கு, எங்கிட்ட வந்து பிடுங்குதே?"

தபசு அன்னிக்கு

ஆடித்தபசுன்னா எங்க ஊர்க் கோயில் திருவிழா, வீட்டுக்கு வீடு ஒறம்பரை வந்து இறங்கிரும். எனக்கு அன்னிக்கு முகாம் டியூட்டி, கூட்டத்துல மயங்கினவங்களுக்கு ஓஆர்எஸ் கரைச்சுக் குடுக்கவே நேரம் சரியாப் போச்சு. ஆனா மனசு பூரா அந்த வீட்டுலதான். நல்ல நாள்னாலே அங்க பாட்டில் திறக்கும்னு எனக்குத் தெரியும். அவளுக்கு எட்டாவது மாசம்.

மறுநாள் காலையில பேச்சியக்கா என்னையத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. கணேசனோட அண்ணன் குடும்பத்தோட வந்திருந்தானாம். எல்லாரும் உக்காந்திருக்க, விசேஷ நாளு, ஒரு வாய்னு முத்துமாரிகிட்ட அவன் டம்ளரை நீட்டிட்டான். அவ முதல் தடவையா வாயைத் திறந்து வேண்டாம் மச்சான்னு சொல்லியிருக்கா. ஏன், பெரிய மனுஷி ஆயிட்டியோன்னு அவன் கேக்க, பவித்ரா போய்க் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சு. தட்டு பறக்கப் போகுதுன்னு பேச்சியக்கா வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டுத் தயாரா நின்னாங்களாம். கணேசன் அப்போ நல்லாக் குடிச்சிருந்தான். எந்திரிச்சு வந்து, அண்ணன் கையில இருந்து டம்ளரை வாங்கிக் கீழ வச்சிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னானாம். அண்ணன் சாப்பிடாமப் போயிட்டான். பேச்சியக்கா கணேசன் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாங்க.

"அவளுக்கு வேண்டாம்ணே. நான் ஊத்திக் குடுத்துத்தான் ஒண்ணு இப்படி ஆச்சு."

ஆவணி

ஆவணியில பையன் பிறந்தான். எடை நல்லா இருந்துச்சு, அழுகை அடுத்த வார்டு வரைக்கும் கேட்டுது. முத்துமாரி ஆணா பொண்ணான்னு கேக்கல. நல்லா இருக்கானா, நல்லா இருக்கானான்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தா. இப்போதைக்கு நல்லா இருக்கான், முதல் நாலஞ்சு மாசம் நடந்தது நடந்ததுதான், வளர வளர நாங்க பாத்துக்கிட்டே வரணும்னு அங்க டாக்டர் உள்ளதைச் சொன்னாங்க. அதை அவ தைரியமாத்தான் கேட்டுக்கிட்டா.

போன வாரம் வீட்டுக்குப் போனேன். பவித்ரா இப்போ பயிற்சிக்குப் போகுது. தறிக்கு லீவு போட்டாவது முத்துமாரி அதை ஒரு வாரம் விடாமக் கூட்டிட்டுப் போறா. ஒரு நேரத்துல ஒரே ஒரு வேலை சொல்லணும், அது முடிஞ்ச பிறகுதான் அடுத்தது, கத்தக் கூடாதுன்னு அங்க இவளுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்கு முன்னாலயே, கொடியில இருக்க துணியை எடு பவின்னா. எடுத்துச்சு. இப்போ தம்பிகிட்ட கொண்டான்னா. நடுவுல ஒரு காக்காயைப் பாத்து நின்னுருச்சு. நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாம உக்காந்திருந்தோம். அப்புறம் ஞாபகம் வந்து, கொண்டு வந்து தம்பி கால் மேல போட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, மறைக்கல.

கிளம்பும்போது முத்துமாரி பவித்ரா கையைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா. அவ சொன்னதுல கோவம் இல்ல, குறையும் இல்ல.

"இவ வயித்துல இருக்கும்போது யாருமே வந்து கேக்கல சிஸ்டர். இனி இவளுக்கு நான் இருக்கேன், நீங்க அடுத்த வீட்டுக்குப் போங்க."

போனேன், நாள் தள்ளிப் போயிருக்க அந்த வீட்டுப் பிள்ளைகிட்ட வலிக்கு என்ன சாப்பிடுதன்னு கேட்டேன், அவ மாமியார்கிட்ட வழக்கம்போல வாங்கிக் கட்டிக்கிட்டேன். எங்க வேலையில திட்டு முதல் மாசமே கிடைச்சிட்டா அது பிள்ளைக்கு லாபம்.